சரிவு காப்பாற்றிய ஷெட்: குன்னூர் லோகோ ஷெட் – ஒரு நிகழ்வு ஆய்வு

விழுப்புரம், திருச்சிராப்பள்ளி, மதுரை என மீட்டர் கேஜ் தடத்தின் பெரிய ஊர்கள் பலவற்றில் ஒரு காலத்தில் நீராவி லோகோ ஷெட், அதாவது இன்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கும் கொட்டகை, இருந்தது. ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி, கரி மேடை, தண்ணீர்த் தொட்டி, சாம்பல் குழி, இன்ஜினைத் திருப்பும் வட்ட மேசை ஆகியவை சூழ, இரவு பகல் பாராமல் அது இயங்கியது. டிரைவரையும் ஃபயர்மேனையும் வீடு தேடிப் போய் எழுப்பி வேலைக்கு அழைப்பதற்கென்றே 'கால் பாய்' என்ற ஊழியர் இருந்தார். ரயில்வே காலனித் தெருக்கள் ஷெட்டின் நேரத்துக்கு விழித்து ஷெட்டின் நேரத்துக்கு உறங்கின. சித்தரஞ்சன் தொழிற்சாலை தனது கடைசி அகலப்பாதை நீராவி இன்ஜினை 1970-லும், கடைசி மீட்டர் கேஜ் நீராவி இன்ஜினை 1972-லும் கட்டி முடித்தபோதே அந்த ஷெட்டுகளின் ஆயுள் எழுதப்பட்டுவிட்டது. டீசல் இன்ஜின்கள் ஒவ்வொரு தடமாக இடம் பிடித்தன. 1992-இல் தொடங்கிய ஒரே அகலப்பாதைத் திட்டம் எஞ்சிய மீட்டர் கேஜ் தடங்களையும் மாற்றத் தொடங்கியது. சில இடங்களில் ஷெட் டீசலுக்கு மாறியது, சில இடங்களில் இடிக்கப்பட்டது, சில இடங்களில் புதர் மண்டியது.

குன்னூரில் மட்டும் நெருப்பு அணையவில்லை. நீலகிரி மலை ரயிலின் பல்சக்கர நீராவி இன்ஜின்களைப் பராமரிக்கும் அந்தச் சிறிய ஷெட், சுற்றுலாவுக்காகப் பின்னால் உயிர்ப்பிக்கப்பட்ட இடம் அன்று; அன்றாடப் பயணிகள் வண்டிக்காக இன்றும் உழைக்கும் இடம். சமவெளியில் நூற்றுக்கணக்கான இன்ஜின்களைக் கையாண்ட பெரிய ஷெட்டுகள் மறைந்தபோது, விரல்விட்டு எண்ணத்தக்க இன்ஜின்களை மட்டுமே வைத்திருந்த ஒரு மலையூர் ஷெட் எவ்வாறு நிலைத்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. யுனெஸ்கோ தந்த உலக மரபுச் சின்னம் என்ற தகுதி அதைக் காத்தது என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தகுதி கிடைத்தது 2005-இல். நீராவி யுகம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆகவே விடையை அதற்கு முன்னால், மலையடிவாரத்திலுள்ள கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையிலான சரிவில்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஷெட் பிறந்த சூழல்

நீலகிரிக்கு ரயில் பாதை அமைக்கும் யோசனை 1854-லேயே எழுந்தது. 1873-இல் மெட்ராஸ் ரயில்வேயின் அகலப்பாதை மேட்டுப்பாளையம் வரை வந்து மலையடிவாரத்தில் நின்றது. அதற்கு மேல் போவதற்குச் சாதாரண தண்டவாளம் போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுவிட்சர்லாந்தின் ரிகி மலையில் 1871-இல் பல்தண்டவாள ரயிலை (தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்கள் கொண்ட பட்டையை இன்ஜினின் பல்சக்கரம் பற்றி ஏறும் முறை) ஓட்டிக் காட்டிய நிக்லவுஸ் ரிக்கன்பாக் 1882-இல் நீலகிரிக்கு அழைக்கப்பட்டார். திட்டமும் மதிப்பீடும் தயாராயின. ஆனால் பணம் திரட்டுவது பாறையைக் குடைவதைவிடக் கடினமாக இருந்தது. 1891-இல் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டித் தொடங்கிவைத்த பணி, நிறுவனம் 1894-இல் நொடித்ததால் நின்றுபோனது. அதன்பின் புதிய நிறுவனம் ஒன்று பொறுப்பேற்று, 1899 ஜூன் மாதத்தில் மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையைத் திறந்தது. 1903-இல் அரசு இதை விலைக்கு வாங்கியது. பாதை உதகை வரை நீண்டது 1908-இல்தான்.

இந்த ஒன்பது ஆண்டு இடைவெளி ஷெட்டின் வரலாற்றில் முக்கியமானது. 1899 முதல் 1908 வரை குன்னூரே கடைசி நிலையம். மலையேறி வந்த இன்ஜின் ஓய்வெடுக்கவும், தண்ணீர் நிரப்பவும், பழுது பார்க்கப்படவும் இடம் அங்கேதான் வேண்டியிருந்தது. பாதை உதகைக்கு நீண்ட பிறகும் அந்தத் தேவை இடம் மாறவில்லை. காரணம், பல்தண்டவாளம் கல்லாறில் தொடங்கிக் குன்னூரோடு முடிந்துவிடுகிறது. குன்னூருக்கு மேல் மிகக் கடினமான சரிவே 25-க்கு 1, அதாவது 25 மீட்டர் போனால் 1 மீட்டர் உயர்வு. சாதாரணச் சக்கரப் பிடிப்பிலேயே வண்டி ஏறிவிடும். கீழே கல்லாறிலிருந்து குன்னூர் வரையிலோ சரிவு 12-க்கு 1 வரை செங்குத்தாகிறது. பல்சக்கர இன்ஜினுக்கு வேலை உள்ள பகுதி முடியும் இடத்திலேயே அதன் வீடும் அமைந்தது பொருத்தமானது என்பது என் கணிப்பு.

இன்னொரு சூழலையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கு வருவது அகலப்பாதை. மலைமேல் போவது மீட்டர் கேஜ். தென்னிந்தியாவின் மற்ற மீட்டர் கேஜ் தடங்கள் எதனோடும் நீலகிரிப் பாதை தண்டவாளத்தால் இணைந்ததில்லை. 45.88 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தீவு அது. சமவெளி ஷெட்டில் ஓர் இன்ஜின் படுத்துவிட்டால் அடுத்த ஷெட்டிலிருந்து இன்னொன்றை ஓட்டி வரலாம். குன்னூரில் அது முடியாது. இருக்கும் இன்ஜின்களுக்குள்ளேயே சமாளிக்க வேண்டும். தேய்ந்த பாகத்தை அங்கேயே சரிசெய்ய வேண்டும். பெரிய பழுதுக்கு இன்ஜினை வண்டியிலேற்றித் திருச்சி பொன்மலைப் பணிமனைக்கு அனுப்பிவிட்டு, அது திரும்பும்வரை மற்றவற்றை வைத்து ஓட்ட வேண்டும். தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கம் அந்த ஷெட்டுக்குத் தொடக்கத்திலேயே படிந்துவிட்டது. பிற்கால நெருக்கடிகளில் அதைத் தாங்கிப் பிடித்ததும் அந்தப் பழக்கமே.

இன்ஜினைப் புரிந்துகொள்ளாமல் ஷெட்டைப் புரிந்துகொள்ள முடியாது

தொடக்கத்தில் மான்செஸ்டரின் பேயர் பீக்காக் நிறுவனம் கட்டிய இன்ஜின்கள் இங்கே ஓடின. 1914 முதல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் உள்ள எஸ்.எல்.எம். தொழிற்சாலையிலிருந்து 'எக்ஸ்' வகை இன்ஜின்கள் வரத் தொடங்கின. 1925-க்குள் 12, பின்னர் 1952-இல் 5, ஆக மொத்தம் 17. இணைத்த எட்டுச் சக்கரங்களும், பின்னால் சுமைதாங்கும் இரண்டு சிறு சக்கரங்களும் கொண்ட இவை, தண்ணீரையும் எரிபொருளையும் தம் உடலிலேயே சுமக்கும் டாங்க் இன்ஜின்கள்.

எக்ஸ் வகையின் சிறப்பு அதன் நான்கு சிலிண்டர்களில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் கீழே ஒன்று, அதன் மேலே ஒன்று. கீழ்ச் சிலிண்டர்கள் உயர் அழுத்தத்தில் இயங்கித் தண்டவாளத்தின் மேல் உருளும் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. மேல் சிலிண்டர்கள், கீழ்ச் சிலிண்டர்கள் பயன்படுத்தி வெளியேற்றிய அதே நீராவியைக் குறைந்த அழுத்தத்தில் வாங்கி, நடுவிலுள்ள பல்சக்கரங்களைச் சுழற்றுகின்றன. பல்தண்டவாளம் இல்லாத மேட்டுப்பாளையம் – கல்லாறு பகுதியில் மேல் சிலிண்டர்களுக்கு வேலை இல்லை. நீராவி நேரே புகைபோக்கிக்குப் போய்விடும். கல்லாறில் பல்தண்டவாளத்துக்குள் நுழைகிறபோது டிரைவர் மேல் சிலிண்டர்களுக்கு நீராவியைத் திறந்துவிடுகிறார். வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அந்தக் கணம் தெளிவாகத் தெரியும்: கீழே உள்ள தண்டுகள் நிதானமாக ஒரு திசையில் சுழல, மேலே உள்ள தண்டுகள் எதிர்த்திசையில் விரைவாகச் சுழலத் தொடங்கும். இடையில் பற்சக்கர இணைப்பு இருப்பதால்தான் இந்தத் திசைமாற்றமும் வேகமும். வண்டி மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாத அந்த ஏற்றத்தில், வண்டியின் வேகத்துக்குச் சம்பந்தமே இல்லாத விரைந்த துடிப்பு புகைபோக்கியிலிருந்து கேட்பதும் இதனால்தான். அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே இன்ஜினின் உடல்நிலையைச் சொல்லக்கூடியவர்களை நம்பித்தான் இந்தப் பாதை நூறாண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது.

தண்டவாளங்களுக்கு நடுவே கிடப்பது ஆப்ட் முறைப் பல்தண்டவாளம். ரிக்கன்பாக்கிடம் வேலை பழகிய ரோமன் ஆப்ட் வகுத்த முறை அது. பற்கள் வெட்டிய இரண்டு எஃகுப் பட்டைகள் அருகருகே பதிக்கப்பட்டிருக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் இடைவெளி வரும். ஒரு பட்டையில் பல் விடுபடும் நேரத்தில் அடுத்த பட்டையில் பல் பிடித்திருக்கும். ஆகையால் பிடி ஒருபோதும் அறுவதில்லை. 12-க்கு 1 சரிவில் ஒவ்வொரு டன் எடையும் சுமார் 83 கிலோ விசையோடு கீழ்நோக்கி இழுக்கும். வண்டி முழுவதன் எடைக்கும் கணக்கிட்டால், மழையில் நனைந்த வழுவழுப்பான தண்டவாளத்தை மட்டும் நம்பி யாரும் இந்தச் சரிவில் பயணிகளை ஏற்ற மாட்டார்கள்.

இன்ஜின் எப்போதும் வண்டியின் கீழ்ப்பக்கமே இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். பெட்டிகளில் பிரேக்ஸ்மேன்கள் நின்று, முன்னால் இருப்பவர் காட்டும் கொடியைப் பார்த்துத் தத்தம் பிரேக்கை இயக்குவார்கள். பெட்டிகளுக்கும் சாதாரணச் சக்கரத்துக்கு ஒன்று, பல்சக்கரத்துக்கு ஒன்று எனத் தனித்தனி பிரேக் உண்டு. இறக்கத்தில் இன்ஜினின் சிலிண்டர்களே காற்றை உறிஞ்சி அழுத்தும் கருவிகளாக மாறி வண்டியைத் தடுத்து நிறுத்துகின்றன. அப்போது எழும் வெப்பத்தைத் தணிக்கத் தண்ணீர் செலுத்தப்படுகிறது. ஏற்றத்தில் உழைத்த அதே பாகங்கள் இறக்கத்திலும் உழைக்கின்றன என்பதை ஷெட்டில் வேலை பார்ப்பவர்கள் மறப்பதேயில்லை. சமவெளியின் இன்ஜினுக்கு இறக்கம் என்பது ஓய்வு. எக்ஸ் இன்ஜினுக்கு அப்படி ஓர் ஓய்வு கிடையாது.

ஷெட்டின் வேலை

நீராவி இன்ஜினைச் சாவி போட்டுக் கிளப்ப முடியாது. குளிர்ந்த பாய்லரை அவசரப்படுத்திச் சூடேற்றினால் தகடுகளும் குழாய்களும் சமமின்றி விரிந்து, இணைப்புகள் கசியத் தொடங்கும். ஆகவே பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்டி, மெல்ல மெல்ல அழுத்தத்தை ஏற்ற வேண்டும். வண்டி விடிந்து சற்று நேரத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் என்றால், அதற்கான வேலை முந்தைய இரவே தொடங்கிவிட்டது என்று பொருள். பயணிகள் புகைப்படம் எடுக்கும் அந்தக் காலைப்பொழுதுக்குப் பின்னால் ஓர் இரவு முழுதும் விழித்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது பாய்லர் கழுவுதல். ஷெட் பேச்சில் 'வாஷ் அவுட்'. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போனாலும் அதில் கரைந்திருந்தவை பாய்லருக்குள்ளேயே தங்கிச் சேறாகவும் செதிலாகவும் படியும். படிந்த இடத்தில் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே தேங்கும், தகடு மெலியும். குறித்த இடைவெளியில் இன்ஜினை ஆறவிட்டு, மூடிகளைக் கழற்றி, அழுத்தத் தண்ணீரால் உட்புறத்தைக் கழுவி, விளக்கை உள்ளே காட்டித் தகடுகளையும் தாங்கு ஆணிகளையும் பார்ப்பார்கள். சரிவில் ஓடும் பாய்லருக்கு இதிலும் கூடுதல் கவலை ஒன்று உண்டு. பாய்லர் சாய்ந்திருக்கும்போது உள்ளே தண்ணீர் ஒரு பக்கம் சரியும். நெருப்புப் பெட்டியின் மேற்தகட்டைத் தண்ணீர் எப்போதும் மூடியிருக்க வேண்டும்; அது வெளிப்பட்டால் தகடு பழுத்து வலுவிழக்கும். கண்ணாடிக் குழாயில் தெரியும் நீர்மட்டத்தைச் சரிவின் கணக்கையும் சேர்த்துப் படிக்க ஃபயர்மேன் பழக வேண்டும்; அந்தக் கண்ணாடியும் அதன் வால்வுகளும் அடைப்பின்றி இருக்கின்றனவா என்று பார்ப்பது ஷெட்டின் பொறுப்பு.

எனினும் குன்னூரை மற்ற எந்த நீராவி ஷெட்டிலிருந்தும் வேறுபடுத்துவது இன்ஜினின் அடிவயிற்றில் நடக்கும் வேலைதான். குழிக்குள் இறங்கி நிமிர்ந்து பார்த்தால், பிரேக் கம்பிகளுக்கும் அச்சுகளுக்கும் நடுவே கருத்த கிரீஸ் பூசிய பல்சக்கரங்கள் தெரியும். ஃபிட்டர் முதலில் பழைய கிரீஸைத் துடைக்கிறார். துணி போன இடத்தில் எஃகு பளபளக்கும். பல்லின் ஒரு முகம் மட்டும் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கும். ஏற்றத்தில் தள்ளுவதும் இறக்கத்தில் தாங்குவதும் பெரும்பாலும் அந்த ஒரு முகத்தின் மேல்தான். விரல் நுனியை ஓட்டி விளிம்பில் பிசிறு இருக்கிறதா, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று தேடுவார். பிறகு அளவுத் தகட்டைப் பொருத்திப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாததை விரலும், விரலுக்குத் தெரியாததை அளவுத் தகடும் சொல்லும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வெளியிலிருப்பவர்கள் அதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பல்சக்கரம் பல்தண்டவாளத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது, இன்ஜினைத் தாங்கும் சாதாரணச் சக்கரங்களின் விட்டத்தைப் பொறுத்தது. அந்தச் சக்கரங்களின் எஃகு வளையம் தேயத் தேய இன்ஜின் கீழிறங்கும். அதோடு பல்சக்கரமும் கீழிறங்கிப் பல்லின் அடியில் முட்டத் தொடங்கும். சமவெளி இன்ஜினில் பொருட்படுத்தாமல் விடக்கூடிய சில மில்லிமீட்டர் தேய்மானம் இங்கே பல்லை உடைக்கக்கூடிய விஷயம். எனவே சக்கரம் வேறு, பல்சக்கரம் வேறு என்று பிரித்துப் பராமரிக்க இயலாது. இரண்டையும் ஒன்றாக அளந்து, ஒன்றாகச் சரிசெய்ய வேண்டும். இந்த அறிவை வரைபடத்திலிருந்து ஓரளவு கற்கலாம். எஞ்சியது, இருபது ஆண்டு அந்தக் குழிக்குள் இறங்கியவரோடு சேர்ந்து இறங்கினால்தான் கிடைக்கும்.

டீசல் வந்தபோது

1960-களிலிருந்து மீட்டர் கேஜ் டீசல் இன்ஜின்கள் இந்தியாவெங்கும் பரவின. அவற்றில் ஒய்.டி.எம்.-4 வகை நீலகிரிக்கும் வந்தது. இன்று குன்னூரில் நீராவி இன்ஜின் கழற்றப்பட்டு, உதகை வரையிலான மேல்பகுதியை டீசல் இன்ஜினே ஏற்றுக்கொள்கிறது. அந்த 25-க்கு 1 சரிவில் டீசலுக்குச் சிரமமில்லை. ஆனால் டீசல் குன்னூருக்குக் கீழே வண்டியோடு இறங்கவில்லை. ஒய்.டி.எம்.-4-க்குப் பல்சக்கரம் கிடையாது. பல்சக்கரம் பொருத்திய டீசல் இன்ஜின்கள் வேறு நாடுகளில் இருக்கின்றன. ஆனால் இருபது கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு பகுதிக்கென, அதுவும் மீட்டர் கேஜில், சில இன்ஜின்களுக்காக மட்டும் தனியாக வடிவமைப்பது எளிதான செயலன்று. சமவெளியில் நீராவி தோற்றதற்குக் காரணம், ஒரே வடிவ டீசலை நூற்றுக்கணக்கில் கட்டி எங்கும் ஓட்ட முடிந்ததுதான். அந்த ஆதாயம் கல்லாறில் செல்லாக்காசாகிவிட்டது.

ஆகவே முதல் விடை இது: பழமையின் மேல் யாருக்கும் பற்று இருந்ததனால் குன்னூர் ஷெட் பிழைக்கவில்லை, அதன் வேலையைச் செய்ய வேறொரு இயந்திரம் வரவில்லை என்பதனால் பிழைத்தது. இதைச் சொல்வது அந்த ஷெட்டின் பெருமையைக் குறைப்பதாகாது. தேவை இருந்ததால் உயிர்வாழும் ஓர் இடத்துக்கு, நினைவுக்காக வைக்கப்பட்ட இடத்துக்கு இல்லாத நேர்மை உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

கரியும் எண்ணெயும்

தேவை இருந்தாலும் இன்ஜின் முதுமை அடையாமல் இருக்காது. 1990-களில், கடைசித் தொகுதி இன்ஜின்களுக்கே நாற்பது வயது. முதல் தொகுதிக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. நாடெங்கும் நீராவி முடிவுக்கு வந்ததால், இதுவரை பொதுவாகக் கிடைத்த பல பொருள்களும் திறன்களும் கிடைக்காமல் போயின. பாய்லர் குழாய் முதல் நீராவிக் கரி வரை, முன்பு ஆயிரக்கணக்கான இன்ஜின்களுக்கு வாங்கியதில் ஒரு பங்கு நீலகிரிக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது நீலகிரிக்கென்றே தனியாக வாங்க வேண்டும். தரம் குறைந்த கரியில் சாம்பல் மிகுதி. சாம்பல் மிகுந்தால் நெருப்பு தணியும். ஏற்றத்தில் நடுவழியே அழுத்தம் இறங்கும். ஹில்குரோவிலும் ரன்னிமேடிலும் தண்ணீருக்காக நிற்கும் நேரத்தில் ஃபயர்மேன் நெருப்பையும் மீட்டெடுக்கப் போராட வேண்டியிருக்கும். கோடையில் புகைபோக்கியிலிருந்து பறக்கும் கங்கு காட்டில் விழுந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

2000-களின் தொடக்கத்தில் பொன்மலைப் பணிமனை ஓர் எக்ஸ் இன்ஜினைக் கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றியது. பிறகு வேறு சிலவும் மாறின. பயணிகளுக்கு இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஷெட்டுக்கோ இது தொழிலையே மாற்றிய விஷயம். கரியைக் கிளறி, சாம்பலை இழுத்து, கம்பித் தட்டைச் சுத்தம் செய்வது ஒரு கலை. எண்ணெயை நீராவியால் தெளித்து எரிக்கும் பர்னரை, காற்றையும் எண்ணெயையும் பொருத்தி வைப்பது முற்றிலும் வேறு கலை. சாம்பல் குழியின் வேலை குறைந்தது; நெருப்புப் பெட்டிக்குள் வெப்பம் தாங்கும் செங்கல் பூசும் வேலை வந்தது. எண்ணெய்ச் சுடர் ஒரே இடத்தில் கூர்மையாகத் தாக்கும். செங்கல் உதிர்ந்தால் அந்தச் சூடு நேரே தகட்டின் மேல் விழும். காற்றுக் குறைந்தால் கரும்புகை எழுந்து, குழாய்களுக்குள் புகைக்கரி படியும். கரிக்குப் பழகிய கைகள் இதையெல்லாம் புதிதாகக் கற்றன. நீராவியில் மூத்தவர்கள் தம் வாழ்நாள் பழக்கத்தை மாற்றிக்கொண்டு இன்ஜினை ஓட்டிக் காட்டினார்கள் என்பது இந்த வரலாற்றில் போதிய அளவு சொல்லப்படாத பகுதி. அவர்களின் பெயர்களைத் தாங்கிய பலகை எங்கேயும் இல்லை.

புதிய இன்ஜின்

எண்ணெய் எரிபொருள் சிக்கலைத் தீர்த்தது. இன்ஜினின் வயதைக் குறைக்கவில்லை. அடிச்சட்டகம், சிலிண்டர், பாய்லர் எல்லாம் பழையவை. அசலைக் கட்டிய எஸ்.எல்.எம். தொழிற்சாலை 1990-களில் பல்தண்டவாளப் பாதைகளுக்காகப் புதிய நீராவி இன்ஜின்களை மீண்டும் கட்டியது. சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ரோட்ஹார்ன் பாதையில் அவை எண்ணெய் எரித்து ஓடுகின்றன. பல்தண்டவாளத்தில் நீராவிக்கு இன்னும் இடம் உண்டு என்பதை அவர்களும் உணர்ந்திருந்தார்கள். ஆனால் அந்த ஆண்டுகளின் இறுதியில் எஸ்.எல்.எம். என்ற பழைய நிறுவனமே பிரிந்து கலைந்துபோனது.

தெற்கு ரயில்வே எடுத்த முடிவு துணிச்சலானது. நாகப்பட்டினத்திலிருந்து 1920-களின் இறுதியில் இடம்பெயர்ந்து வந்த பொன்மலைப் பணிமனையிடம், எக்ஸ் இன்ஜினைப் புதிதாகக் கட்டும் பணி ஒப்படைக்கப்பட்டது. பழுது பார்ப்பதும் புதிதாகக் கட்டுவதும் ஒன்றல்ல. பழுது பார்ப்பவருக்கு முன்னால் அசல் பாகம் இருக்கிறது; கட்டுபவர் ஒவ்வொரு பாகத்துக்கும் அளவு, உலோகம், வார்ப்பு எல்லாவற்றையும் தாமே முடிவு செய்ய வேண்டும். நாட்டில் நீராவி இன்ஜின் கட்டுவது நின்று ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. இருந்தும் 2011-இல் முதல் புதிய எண்ணெய் இன்ஜின் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் மொத்தம் நான்கு வந்தன. 2021-இல் கரியில் ஓடும் புதிய இன்ஜின் ஒன்றையும் அதே பணிமனை கட்டி முடித்தது.

பொன்மலையின் சாதனையைப் பாராட்டுவோர் குன்னூரை மறந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. புதிய இன்ஜின் சாலை வழியே பெரிய டிரெய்லரில் வந்து, தண்டவாளத்தில் இறங்கி, முதன்முறையாகச் சரிவைத் தொடுகிறபோது அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் ஷெட்டின் ஆட்கள்தான். திருச்சியின் சமதளத்தில் 12-க்கு 1 சரிவு இல்லை. பல் எப்படிப் பிடிக்கிறது, எந்த வளைவில் எந்தப் பாகம் சூடாகிறது, இறக்கத்தில் எவ்வளவு நேரம் சிலிண்டர் தாங்கும் என்பதெல்லாம் மலையில்தான் தெரியவரும். பாதையில் வளைவுகள் 208, பாலங்கள் 250, சுரங்கங்கள் 16. அந்த ஒவ்வொன்றிலும் இன்ஜின் எப்படி நடந்துகொண்டது என்ற செய்தி டிரைவர் வாயிலாக ஷெட்டுக்கு வரும். ஷெட்டிலிருந்து பணிமனைக்குப் போகும். இந்தப் போக்குவரத்து இல்லாமல் இரண்டாவது இன்ஜின் முதலாவதைவிட நன்றாக வந்திருக்க வாய்ப்பில்லை.

மரபுச் சின்னம்

2005 ஜூலையில் டர்பன் நகரில் கூடிய யுனெஸ்கோ உலக மரபுக் குழு, டார்ஜிலிங் மலை ரயிலோடு நீலகிரி மலை ரயிலையும் சேர்த்துப் பட்டியலிட்டது. 2008-இல் கால்கா – சிம்லா பாதையும் சேர்ந்தது. 2007-இல் சேலம் கோட்டம் உருவானபோது நீலகிரிப் பாதை பாலக்காட்டிலிருந்து அதன் கீழ் வந்தது. இந்தத் தகுதி பாதைக்குக் கவனத்தையும் நிதியையும் கொண்டுவந்ததை மறுக்க முடியாது. வடகிழக்குப் பருவமழையில் பாறை சரிந்து பாதை மூடப்படும்போதெல்லாம், குறிப்பாக 2009 நவம்பர் பெருமழைக்குப் பிறகு, மீண்டும் திறந்தே தீருவது என்ற உறுதிக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

ஆனால் மரபு என்ற சொல் பார்க்கக்கூடியவற்றின் மேலேயே படிகிறது. நீலமும் வெண்மஞ்சளும் பூசிய பெட்டிகள், கற்பாலங்கள், நிலையக் கட்டடங்கள் ஆகியவை பாதுகாக்கப்படுகின்றன. பல்சக்கரத்தின் தேய்மானத்தை விரலால் அறியும் அறிவுக்கு அப்படி ஒரு காப்பு இல்லை. ஷெட் ஊழியர் ஓய்வு பெறும் நாளில் அது அவரோடு வெளியே போகிறது. நாட்டின் மற்ற இடங்களில் ஃபயர்மேனாகச் சேர்ந்து டிரைவராக உயரும் அந்தப் பழைய ஏணி இல்லை; பல்சக்கர நீராவி இன்ஜினைக் கற்க விரும்பும் இளைஞர் நாட்டில் வேறெங்கும் பயிற்சி பெற்று இங்கே வர முடியாது. குன்னூருக்கு ஆட்களைத் தயாரிக்கும் பள்ளி குன்னூர்தான்.

ஆகவே இந்த ஆய்விலிருந்து எழும் பரிந்துரை ஒன்றே. ஷெட்டில் அனுபவம் மிக்க ஃபிட்டருக்கும் ஓட்டுநருக்கும், அவர்கள் ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பே, இளையவர் ஒருவரை உடன் நிறுத்த வேண்டும். பணிமாற்றத்தின் வழக்கமான சுழற்சியிலிருந்து அந்த இருவருக்கும் விலக்கு வேண்டும். பல்சக்கர அளவுகள், வாஷ் அவுட் குறிப்புகள், எந்தப் பருவத்தில் எந்தக் கோளாறு வந்தது என்ற பதிவுகள் ஆகியவை தமிழில், ஷெட்டின் சொற்களிலேயே எழுதி வைக்கப்பட வேண்டும். இன்ஜினைக் கட்டிக் காட்டிய ரயில்வேக்கு இது பெரிய செலவு அன்று.

காலை வண்டி குன்னூர் வந்ததும் பயணிகள் தேநீருக்கு இறங்குகிறார்கள்; நடைமேடையில் கூட்டம் டீசல் இன்ஜின் வரும் பக்கம் திரும்பியிருக்கிறது. மறுபக்கத்தில், மேலும் கீழுமாக இரண்டு ஜோடி சிலிண்டர் கொண்ட இன்ஜின் வண்டியைவிட்டு மெல்ல விலகுகிறது. அதன் மேல் தண்டுகள் இப்போது அசையாமல் நிற்கின்றன. எண்ணெய்ப் புட்டியோடு ஒருவர் அதற்காகக் காத்திருக்கிறார். மாலை இறக்கத்துக்கு முன் அவர் முதலில் பார்க்கப்போவது அதன் அடிவயிற்றை.